வாசல்காரியின் மூக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் திட்டினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் நூலக வாசலுக்கு மேலே இருக்கும் அந்தக் கல் முகத்துக்கு இரண்டு மாதம் சாரத்தில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவள் நான். தொட்டாலே மாவாக உதிர்ந்தவளுக்குச் சொட்டுச் சொட்டாகக் கல்லை இறுக்கும் திரவம் ஊட்டி, விரிசலில் சுண்ணாம்புக் கலவை அடைத்து, இப்போதுதான் ஒரு நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். அதற்குள் "மூக்கு வைத்துக் கொடு" என்கிறாய். இது என்ன பொம்மைக் கடையா? அவள் மூக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய படம்கூட இல்லை. தெரியாததைச் செதுக்கி ஒட்டுவது பழுதுபார்ப்பது ஆகாது, புளுகு.

வேறு யாரையும் சாரத்தில் ஏற்றிவிடாதே. பிரஷர் மாத்திரையை வேளைக்குப் போடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போடுகிறேன். நிர்வாகி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் பாட்டையும் கொஞ்சம் கேள். நூலகக் குழு சேர்மன் தினமும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். "இவ்வளவு செலவு பண்ணி மூக்கறுந்தவளையா திறந்து வைக்கறது?" என்கிறார். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "உங்கக்காவுக்கு மூக்கு இருக்குல்ல, அதான் கஷ்டம் தெரியல" என்றார். வாசல் காவலாளி முதல் எல்லாரும் அவளை 'வாசல்காரி' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். என் வேலையை அடுத்த வருடம் நீட்டிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு சின்ன மூக்கு, அக்கா. உன் கை பட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

திறப்பு விழாப் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். அது யாருடைய மூக்கு, சேர்மனுடையதா? பக்கத்தில் அவரும் நிற்பதால் ஒப்பிட வசதியாக இருந்தது.

சிரிப்பு வரவில்லை. எதை வைத்து ஒட்டினீர்கள்? இரும்புக் கம்பியும் சிமெண்டும் என்றால், மழை நீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து உப்பும். அந்த மென்கல் தாங்காது, பிளந்துவிடும். உன்னிடம் எத்தனை தடவைதான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது? நானே வந்து எடுத்துவிடுகிறேன், யாரும் எதுவும் தர வேண்டாம். உடனே பதில் போடு.

அக்கா

ஜூலை 2

தம்பி,

பதிலே இல்லை. போனையும் எடுப்பதில்லை. மழைக்காலம் நெருங்குகிறது. கோபமெல்லாம் போய்விட்டது, இப்போது பயம்தான் இருக்கிறது. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், அந்த மூக்கை எடுக்க விடு.

அக்கா

அக்டோபர் 9

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நீ சொன்னதுபோலவே உள்ளே வைத்த கம்பி துருப்பிடித்து உப்பி, மூக்கிலிருந்து இடது கண் வரை பிளந்துவிட்டது. கன்னத்தில் ஒரு கைப்பிடி அளவு பெயர்ந்து படியில் விழுந்தது. சேர்மன் கூட்டம் போட்டு, "யாருய்யா பொறுப்பு?" என்று என்னையே பார்த்தார். பிள்ளைகளின் படிப்பு கண்முன் வந்தது. நீ ஊட்டிய திரவத்தால்தான் கல் வலுவிழந்தது என்று சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்துவிட்டேன்.

உனக்குப் பெயர் இருக்கிறது. பத்து இடத்தில் கூப்பிடுகிறார்கள். எனக்கு இது ஒன்றுதான். நீ மறுத்துப் பேசாமல் இருந்தால் போதும். என் அக்காதானே, புரிந்துகொள்வாய்.

தம்பி

அக்டோபர் 17

நூலக நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது.

விழுந்த துண்டுகளைக் குப்பையில் தள்ள வேண்டாம். தூள் உட்பட எல்லாவற்றையும் துணியில் பொதிந்து, ஈரம் படாத அறையில் வைக்கவும். முகத்துக்கு மேல் தகரம் அடித்து மழையைத் தடுக்கவும். கம்பியை யாரும் இழுக்கக் கூடாது. இழுத்தால் மிச்சமிருக்கும் கன்னமும் கூடவே வந்துவிடும்.

திங்கட்கிழமை வருகிறேன். கம்பியை அறுத்து எடுத்துச் சேர்மன் மேஜையில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்வேன். பிறகு வேலையைத் தொடங்குவேன். எனக்குப் பத்து இடம் இருப்பது உண்மைதான். தம்பி ஒருவன்தான் இருந்தான்.

வேலை முடியும்வரை வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
கல் பராமரிப்பு நிபுணர்