கேன்டீன்லயே சாப்பிட்டாச்சு

தம்பி,

சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கு. எனக்கு லேப் முடிய நேரமாகும், காத்திருக்காம சாப்பிட்டுப் படு.

நேத்து கீரைக்காக நான் கத்தினது கொஞ்சம் ஓவர்தான். ஆனா நீயும் யோசிடா. கடை மூடுற நேரத்துல போனா பாதி விலைக்குக் கிடைக்கும், உடம்புக்கும் நல்லதுன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக இப்படியா அள்ளிட்டு வருவ? ஃப்ரிட்ஜைத் திறந்தா தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு. போன வாரம் வாங்கினதே அழுகி, காலையிலதான் குப்பையில கொட்டினேன். வயிறு எரிஞ்சுது.

பருப்பு வேகவச்சு மூடி வச்சிருக்கேன். கீரையை அலசி அரிஞ்சு அதுல போட்டுக் கொதிக்கவிடு. முட்டை ரெண்டையும் நீயே சாப்பிடு. எனக்குன்னு எடுத்து வைக்காதே, நான் கேன்டீன்லயே சாப்பிட்டுக்கறேன்.

அக்கா

கீழ இடமில்ல, ஓரத்துல எழுதறேன். இப்பதான் என் கூடப் படிக்கிறவ போன் பண்ணா. நம்ம காலேஜ் கேன்டீனைப் போன வாரமே பூட்டிட்டாங்களாம். 'கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன்க்கா, நீ சாப்பிடு'ன்னு நேத்துகூடச் சொன்னியேடா. நானும் உன்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருக்கேன். உனக்கு இருக்கட்டும்னு நான் விட்டேன், எனக்கு இருக்கட்டும்னு நீ விட்டே, நடுவுல கீரை அழுகிப்போச்சு. உன்னைத் திட்டறதா, என்னைத் திட்டிக்கறதா, ஒண்ணும் புரியல.

முட்டையை ஆளுக்கு ஒண்ணா வை. எவ்வளவு நேரமானாலும் நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம காத்திரு.