கிடாரங்களுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள்

கராஜ் கதவைத் தூக்கியதும் முதலில் வந்தது ஊராருடைய பெரிய சமையல் கிடாரங்களில் ஊறிக்கிடக்கும் பழைய கறி மணம். அதற்குப் பின்னால், மெல்லியதாக, நீங்கள் சைக்கிள் சங்கிலிக்குப் பூசிவைத்த எண்ணெய் மணம். மெல்பேர்னில் இந்த நோபல் பார்க்கில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கிடாரங்கள் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மடக்குக் கதிரைகளும் அப்படித்தான். "உங்கட கராஜ் பெரிசுதானே" என்று யாரோ ஒருநாள் கேட்டார்கள், நீங்கள் "ஓம்" என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு மவுன்ரன் பைக்குகளும் சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இன்று காலை உங்கள் அண்ணர் போன் எடுத்தார். உங்கள் ஆண்டுத் துவசத்தின் திதி புதன்கிழமையில் வருகிறதாம். புதன்கிழமை யாருக்கும் லீவு இல்லையாம். கோவிலில் செய்யவேண்டியதை அன்றைக்குச் செய்துவிட்டுச் சாப்பாட்டை மார்ச் மாத லோங் வீக்கென்டுக்குத் தள்ளுவோம், கிடாரங்கள் இருக்கின்றனவா என்று பார் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுப் பார்க்கத்தான் வந்தேன். வந்த கோபத்தில் ஒரு கிடாரத்தைக் காலால் தள்ளினேன். கால்தான் நொந்தது. அந்த லோங் வீக்கென்டின் மூன்று நாட்களும் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த மூன்று நாளில் சைக்கிளில் மலை கடக்கும் யோசனை என்னுடையது. ஒரு தைமாத விடுமுறையில் ஹொதம் மலையை எங்கள் வான் வண்டியில் கடந்துகொண்டிருந்தோம். தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மனுசன் ஒரு வளைவு பின்னால் மூச்சு வாங்க வந்தார். நாங்களும் ஒருநாள் இப்படிப் போவோமா என்று கேட்டேன். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். "ஓம்" என்றீர்கள். அதை நம்பித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் கால்சட்டை போட்டுச் சைக்கிள் ஏறினேன். கோவிலில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தபோதும் இறங்கவில்லை.

திட்டம் போடுவதில் உங்களை அடிக்க ஆளில்லை. ஞாயிறு பின்னேரங்களில் குசினி மேசையில் வரைபடத்தை விரித்து, நாலு மூலையிலும் கோப்பை வைப்பீர்கள். முதல் நாள் மலையடியில் இருக்கும் ஹரியற்வில்லிலிருந்து கணவாய் வரை ஏற்றம். இரண்டாம் நாள் மேலே, மரம் குறைந்த உயர்ந்த வெளியில், தார் போடாத கற்பாதை. மூன்றாம் நாள் டார்கோவுக்கு இறக்கம். அங்கே மகள் வானோடு நிற்பாள். எந்த ஓடையில் மார்ச் மாதத்திலும் தண்ணீர் இருக்கும், எந்த மேட்டில் காற்று கூடாரத்தைப் பிடுங்கும், எல்லாம் விசாரித்து வைத்திருந்தீர்கள். என் முழங்காலுக்காக முன் பல்லுச் சக்கரத்தைச் சின்னதாக மாற்றிப் பூட்டினீர்கள். "ஏற்றத்தில கதைக்கக்கூடிய மாதிரி மூச்சு இருக்கோணும். கதைக்க ஏலாட்டி வேகம் கூடிப்போச்சு" என்பீர்கள்.

டண்டினோங் மலையில் பழகப் போவோம். "நீர் முன்னால போம், நான் பின்னால வாறன்" என்பீர்கள். நான் ஒவ்வொரு வளைவிலும் ஒரு காலை ஊன்றி நின்று, உங்கள் சிவப்பு மழைச்சட்டை தெரியும்வரை கீழே பார்த்துக்கொண்டிருப்பேன். மனுசிக்கு வழிவிடும் பெருந்தன்மை என்று நினைத்தேன். உங்களுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கதைக்க முடியாத வேகத்தில் வந்தவர் நீங்கள்தான். அதை வாய்திறந்து சொல்லவில்லை.

முதல் வருடம் பைகளைக் கட்டி முடித்த பிறகு போன் வந்தது. ஆரோ ஒருவரின் தாய் தகப்பன் கொழும்பிலிருந்து வந்திறங்குகிறார்கள், எயார்போட்டுக்கு வான் வேண்டுமாம். "ஓம்." அடுத்த வருடம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கிடாரமும் நீங்களும் சேர்ந்தே போனீர்கள். பிறகொரு வருடம் காட்டுத்தீ பாதையை மறித்தது. நெருப்போடு எனக்குக் கோபமில்லை. அதன் பின் வந்த வருடங்களை எண்ணி என்ன பயன்?

ஒருமுறை சண்டை பிடித்தேன். ஏன் ஒருத்தருக்கும் ஏலாது என்று சொல்லமாட்டீர்கள் என்று கேட்டேன். "நாங்கள் வந்திறங்கேக்க எங்களை ஏத்திப்போக ஒருத்தரும் வரேல்லையப்பா" என்றீர்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, கைக்குழந்தையோடும் இரண்டு பெட்டியோடும் மெல்பேர்ன் குளிரில் நாங்கள் நின்றது எனக்கும் மறக்கவில்லை. நானும்தானே நின்றேன். அதற்காக எத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பெட்டி தூக்குவது? எல்லோருக்கும் ஓம் சொன்னீர்கள், எனக்கும் ஓம்தான் சொன்னீர்கள். என் ஓமுக்கு மட்டும் நாள் வரவில்லை.

போன வருடம் நெஞ்சுப் பரிசோதனைக்கு டொக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். போய் வந்தீர்களா என்று கேட்டேன். "ஓம், பயப்பிட ஒண்டுமில்லை" என்றீர்கள். அதற்கு மூன்றாவது வாரம், வேலை முடிந்து தொழிற்சாலை வாசலில், அதே வானுக்குள், சீட் பெல்டைப் போட்டபடி போய்விட்டீர்கள்.

செத்தவீட்டில் கிரான்பர்னிலிருந்து ஒரு பெடியன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். புது வீட்டுக்குக் குடிபோனவனாம். அதற்கு முன் அவன் முகத்தை நான் கண்டதில்லை. "அன்ரி, அண்டைக்கு ஏதோ நெஞ்சு செக் பண்ணப் போக இருந்தவராம். அதை விட்டுட்டு வந்து என்ர பிறிட்ஜைத் தூக்கித் தந்தவர். அப்பிடி ஒரு மனுசன்" என்றான்.

அப்பிடி ஒரு மனுசன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அவனை அடிக்கவேண்டும் போலிருந்தது. பிறகு உங்களை. பெட்டியைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாவம், அதிர்ச்சியில் அழ மறந்துவிட்டாள் என்று சனம் கதைத்தது. அதிர்ச்சியுமில்லை, மறதியுமில்லை. ஒரு பிறிட்ஜுக்காக என்னைத் தனியே விட்டவருக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் அண்ணருக்கு நானே போன் எடுத்தேன். திதியன்று கோவிலில் எல்லாம் முறையாகச் செய்வேன், லோங் வீக்கென்டில் நான் வீட்டில் இல்லை என்றேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். மலைக்கு என்றேன்.

"சனம் என்ன சொல்லும் பிள்ளை?"

"சனத்துக்கு அவர் சொன்ன ஓமே போதும் அண்ணை. எனக்கு ஏலாது."

அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. உங்களுக்கு இத்தனை வருடம் போதவில்லை. கிடாரங்களை உருட்டியும் கதிரைகளைத் தூக்கியும் கொண்டுபோய் வீட்டு முன் புல்தரையில் அடுக்கியிருக்கிறேன். இனி யாருடைய கராஜில் வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

திட்டம் நீங்கள் போட்டதுதான், ஓர் ஓடையைக்கூட மாற்றவில்லை. உங்கள் சைக்கிளில் மகள் வருகிறாள். மருமகன் வானோடு டார்கோவில் நிற்பான். உங்கள் சிவப்பு மழைச்சட்டை என் பையில் இருக்கும், மேலே குளிரும் என்பதற்காக மட்டும்.

போன ஞாயிறு மகளோடு டண்டினோங் மலையில் ஏறிப் பார்த்தேன். அவள் பின்னால் வந்தாள். முதல் வளைவு வந்ததும் என் கால் தானாக நிலத்தில் ஊன்றிக்கொண்டது. திரும்பிக் கீழே பார்த்தேன். "வை ஆர் யூ ஸ்டொப்பிங், அம்மா?" என்று கேட்டபடி அவள் உங்கள் சைக்கிளில் என்னைக் கடந்து மேலே போய்விட்டாள். அதன் பிறகும் நான் அந்த வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால வாறன் என்றுதானே சொன்னீர்கள்.