பொட்டு வச்ச டிவியை நிப்பாட்டுன சேதி

இராஜபாளையம்,
தை மாசம், வெள்ளிக்கிழமை.

செல்ல மக மாரிச்செல்விக்கு அம்மா எழுதுறது. நானும் சித்தப்பாவும் வீட்ல எல்லாரும் ஆண்டாள் தயவுல நல்லா இருக்கோம். நீயும் அந்த அயர்லாந்துக் குளிர்ல காதை மூடிக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சளி புடிக்காம இருக்கணும்னுதான் தினமும் விளக்கு முன்னால நிக்கேன். போன்ல சொன்னா பாதிப் பேச்சுல மீட்டிங் வந்துட்டும்மான்னு வச்சிருவ, இது பாதில வைக்கிற சேதி இல்ல. ஏட்டி, உங்கம்மா ஜெயிச்சுட்டா! கொச்சி ஆர்டர் நம்மள விட்டுப் போகல.

உனக்கு முழுசாச் சொல்லாம இருந்தேன், அங்க கிடந்து தவிப்பன்னுதான். ஐப்பசி மழையில நாம அனுப்புன பேண்டேஜ் துணி, கட்டுன மூட்டை பிரிக்காம பேலு பேலாத் திரும்பி வந்துச்சு. பிரிச்சா ஒரே முடை நாத்தம், துணியில மஞ்சப் புள்ளி. ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கு, புண்ணு மேல வைக்கிறது, அவங்க எப்படி வாங்குவாங்க? இன்னொரு தடவ இப்படி வந்தா நம்ம உறவு முடிஞ்சதுன்னு கொச்சிக்காரர் போன்லயே சொல்லிட்டாரு. அவரு போனா நம்ம பாதிக் கம்பெனியை மூட வேண்டியதுதான், சேத்தூர்ல இருந்து பஸ் ஏறி மடிப்பு வேலைக்கு வாற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பணும். அந்த நெனப்புல எனக்குச் சோறு இறங்கல.

உங்க சித்தப்பா வைகுண்டராஜைத்தான் உனக்குத் தெரியுமே, கோயம்புத்தூர்ல கண்காட்சின்னா முத ஆளாக் கிளம்பிருவாவ. உங்கப்பா போன பொறவு கம்பெனியில நான் பேப்பர்ல பங்குதாரர், வாங்குறது வைக்கிறது எல்லாம் அவிய இஷ்டம். முதல்ல விரல் வச்சு வருகை பதியுற மிஷின் வந்துச்சு. நாள் பூரா துணி மடிச்சு மடிச்சு நம்ம பிள்ளைக விரல்ல ரேகை தேஞ்சு கிடக்கு, மிஷின் ஒருத்தியையும் ஆளுன்னே ஒத்துக்கல. பொறவு செவரு அகலத்துக்கு ஒரு டிவி, அதுல எம்புட்டு உற்பத்தி, எம்புட்டு கரண்டு, எத்தன பேல் போச்சு, எத்தன திரும்பிச்சுன்னு ஓடிக்கிட்டே இருக்குற சாப்ட்வேர், அதுக்கு வருசா வருசம் கட்டணம். நான் குறை சொல்லல, வாறவங்க போறவங்க எல்லாம் அசந்துதான் போனாங்க.

ஆயுத பூசைக்கு எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம்ல, அந்த டிவிக்கும் நம்ம மேனேஜர் வேல்பாண்டி ஏணி போட்டு ஏறி வலது மூலையில உள்ளங்கை அகலத்துக்கு அப்பிட்டான். சாமிக்கு வச்ச பொட்டை அழிக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் தொடல. கார்த்திகை வந்தாச்சு, சந்தனம் காஞ்சு ஒட்டிக் கிடக்கு. அப்பத்தான் சித்தப்பா அந்தச் சாப்ட்வேருக்கு அடுத்த வருசக் கட்டணத்தைக் கட்டப் போறேன், இன்னும் புதுசா ரெண்டு கணக்கு சேத்துத் தாரேன்னு சாப்ட்வேர்க்காரன் சொல்லுதான்னு வந்து உக்காந்தாவ. நான் கேட்டேன், கட்டுங்க கொழுந்தனாரே, அந்தப் பொட்டுக்கு அடியில என்ன எண் ஓடுதுன்னு மட்டும் சொல்லிட்டுக் கட்டுங்கன்னு. அவிய உற்பத்தின்னாவ. வேல்பாண்டி கரண்டுன்னான். நான் நேரா ஏணியில ஏறி முந்தானையை நனைச்சுத் தொடச்சேன். ஐயோ அக்கா, சாமி குத்தம்னு வேல்பாண்டி கன்னத்துல போட்டுக்கிட்டான். அடியில செக்கச்செவேல்னு, திரும்பி வந்த சரக்கோட எண்ணு!

எனக்கு வந்த கோவத்துல ஏணியில நின்னுக்கிட்டே கேட்டேன். இத்தன நாளு இந்த மூலை தெரியலன்னு ஒருத்தருக்கும் தோணலையே, அப்ப இதை யாரு பாக்கா? பாத்தாலும்தான் என்ன, எண்ணைப் பாத்தா துணி காயுமா? நம்ம துணி மழையில வெளிக்காத்துல கிடந்து அரையும் குறையுமாக் காயுது, அந்த ஈரத்தோட பேலுக்குள்ள போகுது, செலவு பண்ணணும்னா அங்கல்லா பண்ணணும். சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப் போச்சு. மூணாம் நாள் வந்து, சரி மதினி, உங்க போக்குல பாப்போம்னாவ.

பில் போடுற சாப்ட்வேரை நான் தொடல, அது இல்லாட்டி ஒரு லாரி கிளம்பாது. டிவி கட்டணத்தை நிப்பாட்டுனேன், விரல் மிஷினைத் திருப்பிக் குடுத்தேன். அந்தக் காசுல ஸ்ரீவில்லிபுத்தூர் பாரூக் பாய் வந்து சூடு காத்து அடிக்குற ட்ரையர் மாட்டிக் குடுத்தாரு, கூடவே துணியில ஈரம் பாக்குற மீட்டர். மீட்டர் சரின்னு சொல்லாம ஒரு பேலையும் கட்டக் கூடாதுன்னுட்டேன். நீ உன் ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பண்ணுற செலவு எதுக்கு உதவுதுன்னு பாக்குற வேலைன்னு சொல்லுவேல்லா, அதுக்கு ஏன் இம்புட்டுச் சம்பளம் குடுக்கான்னு இப்பத்தாண்டி எனக்கு விளங்குது.

பொங்கல் கழிச்சு கொச்சிக்காரர் சொல்லாமக் கொள்ளாம வந்து இறங்கிட்டாரு. அவரே கையைக் காட்டி, அடியில கிடந்த பேலை உருவச் சொல்லி, பிரிச்சு மூக்கை உள்ள விட்டாரு. நிமிந்து சிரிச்சாரு பாரு, அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன். பழைய ஆர்டர் அப்படியே இருக்கட்டும், புதுசா ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் நீங்களே குடுங்கன்னுட்டாரு. மடிப்புப் பிள்ளைக கையைத் தட்டி ஒரே ஆரவாரம். ஒருத்தியையும் நிப்பாட்டல, இன்னும் ஆளுதான் தேடுறோம். நான் உள்ள போயி உங்கப்பா படத்து முன்னால நின்னு செத்த நேரம் அழுதேன், சந்தோசத்துலதான்.

பார்சல்ல பால்கோவா வச்சிருக்கேன், எல்லாத்தையும் பிரெண்டுகளுக்கே குடுத்துறாத. தலைக்கு எண்ணெய் வை. சித்திரையில லீவு போட்டு வா, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்திருக்கேன், உன்னோடதான் மலை ஏறணும். நோய் நொடி இல்லாம, நெனச்சதெல்லாம் நடந்து, நீ நல்லா இருக்கணும் தாயி.

இன்னொண்ணு. நேத்து ஆடிட்டர் வந்தப்ப சித்தப்பா தானா வாயைத் தொறந்து, இனி மிஷினோ சாப்ட்வேரோ மதினி கையெழுத்து இல்லாம எதுவும் வாங்கக் கூடாது, அப்படியே எழுதிருங்கன்னு சொல்லிட்டாவ. இன்னைக்கு எம் பேர்ல ரப்பர் ஸ்டாம்பு வந்திருக்கு. இன்னும் ஒரு காகிதத்துலயும் குத்தல, முத குத்து உனக்குத்தான்.

இப்படிக்கு உன் அம்மா,
வை. அழகுத்தாய்,
நிர்வாகப் பங்குதாரர்.