தோள்பட்டை ரேடியோ

பிப்ரவரி 3, செவ்வாய்

ரேடியோ சங்கக் கூட்டம். மலைமுகட்டுப் பாதையில் இந்த வருடம் நடக்கப் போகிறவர்களின் பெயர்களைச் செயலாளர் வாசித்தார். என் பெயர் கடைசியில், தனியாக: அடிவார நிலையம். அதாவது இந்த முறையும் மலையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேலே போகிறவர்கள் ரேடியோவில் கூப்பிட்டால் பதில் சொல்லி, நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும்.

"உங்க குரல் மாதிரி தெளிவான குரல் நம்மகிட்ட இல்ல மேடம்," என்றார். பதினாறு வருடமாக இதே பாட்டு. என் குரலைப் புகழாத ஆள் இல்லை. என் காலைப் பற்றி ஒருவரும் விசாரித்ததில்லை.

"வேற குரல் பாத்துக்குங்க சார். நான் நடக்கப் போறேன். உங்களோட இல்ல, தனியா."

யாரோ சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 4

மகளிடம் சொன்னேன். "உனக்கு அறுபத்தெட்டு வயசும்மா." எனக்குத் தெரியாதா? நான் பிறந்தபோது நானும்தான் அங்கே இருந்தேன்.

பிப்ரவரி 9

முதுகுப்பையை நானே தைக்கிறேன். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் ஊசி பிடித்தவள் கடையில் போய்ப் பை வாங்கவா? ரேடியோவும் அப்படித்தான். கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து பார்த்துக் கற்றேன். ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவதில் ஜெயித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை.

பிப்ரவரி 13

பையை நிரப்பித் தராசில் தொங்கவிட்டேன். முள் போன இடத்தைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. பாட்டரிதான் பாவி. மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அதன் கனம் வராது. ஆனால் அது இல்லாமல், தூரத்துக்குப் பேசும் பெரிய ரேடியோ வெறும் டப்பா. முகட்டில் செல்போன் எடுக்காது.

அடுப்பை எடுத்து வெளியே வைத்தேன். பத்து நாள் ரொட்டியும் உலர்ந்த பழமும் தின்றால் செத்துவிட மாட்டேன். மாற்று உடையும் போயிற்று. ஏரியல் கம்பி, அதை மரத்தில் ஏற்றும் கயிறு, கூடாரம், மழைத்துணி, முழங்கால் பட்டை — இவற்றில் கை வைக்க மாட்டேன்.

கைக்கடக்கமான சின்ன ரேடியோவுக்குத் தோள்பட்டை வாரில் ஓர் உறை தைத்தேன். நடக்கும்போது ஆடக் கூடாதென்று நல்ல இறுக்கமாக.

பிப்ரவரி 17

முகட்டுப் பாதைக்கு அனுமதி வாங்க வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அறுபத்தைந்து தாண்டியவர் தனியாகப் போவதானால் வீட்டார் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம். எனக்கு வீட்டார் என்றால் மகள் ஒருத்திதான்.

"போட மாட்டேன்," என்றாள். சோற்றைக் கிளறிக்கொண்டே.

"ஊருக்கு வெளியே இருக்கற குன்றுல ஞாயித்துக்கிழமை முழுச் சுமையோட ஏறிக் காட்டறேன். அப்புறம் சொல்லு."

சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னொரு சின்ன ரேடியோவை அவளிடம் கொடுத்திருக்கிறேன். உச்சியிலிருந்து நான் பேசுவதை அவள் கேட்கலாம். உரிமம் இல்லாததால் பதில் பேசக் கூடாது. இவள் எதிர்த்துப் பேசாமல் நான் சொல்வதைக் கேட்கப் போவது இதுதான் முதல் தடவை. சட்டமே என் பக்கம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எல்லாம் போச்சு.

உச்சியில் போய்ப் பேசலாமென்று எடுத்தால் சின்ன ரேடியோவில் உயிரே இல்லை. சரி, பாட்டரி பழசு என்று திட்டிவிட்டு இறங்கினேன். பாதி வழியில் எதிரே மகள், வீட்டுச் செருப்போடு. பின்னால் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். அவரும் சங்கத்து ஆள்தான்.

"அக்கா, உங்க பேசற பொத்தான் அழுந்தியே இருந்துச்சு," என்றார் அவர்.

உறை. நான் தைத்த அதே உறை. இறுக்கத்தில் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து பாட்டரி சாகும்வரை என் மூச்சிரைப்பு, முனகல், முழங்காலைத் திட்டியது, செயலாளரைத் திட்டியது — எல்லாம் சங்கத்தின் பொது அலைவரிசையில். அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். அந்த மனுஷனும்தான்! பொத்தான் அழுந்தியிருந்தால் நாம் பேசுவது போகும், மற்றவர் பேசுவது நமக்கு வராது. மருந்துக்கடைக்காரர் கத்திக் கத்திப் பார்த்தாராம்.

"யார் சொல்றதும் உனக்குக் கேக்கல," என்றாள் மகள். "எப்பவும் அப்படித்தானே."

அப்புறம் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்கிட்டே இருந்த. திடீர்னு ஒண்ணுமே இல்ல. நான் என்னன்னு நெனைக்கறது?"

பாட்டரி போச்சு என்று சொன்னேன். அது பதிலா?

பிப்ரவரி 23

உறையைப் பிரித்து மறுபடி தைத்தேன். பொத்தான் இருக்கும் பக்கம் திறந்திருக்கும்படி.

மகள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 25

செயலாளர் வீட்டுக்கே வந்தார், பழப் பையோடு. நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி.

"நீங்க என்னைப் பத்திச் சொன்னதையெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல மேடம்."

"வெச்சுக்குங்க சார். யோசிச்சுத்தான் சொன்னேன்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"ஏறும்போது நாலு தடவை உக்காந்துட்டீங்க. நாங்க எல்லாரும் கேட்டோம். அடிவார நாற்காலி இன்னும் உங்களுக்குத்தான்."

"உக்காந்தது கேட்டுச்சுல்ல? எழுந்ததும் கேட்டிருக்குமே."

பழத்தை வைத்துவிட்டுப் போனார். மகள் வந்து பையைத் திறந்து பார்த்து, "பாதி அழுகினது," என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

மார்ச் 2

கையெழுத்துப் போட்டுவிட்டாள்!

இப்படி நடந்தது. காப்பி குடிக்கும்போது தானாகவே ஆரம்பித்தாள். "நாலாவது தடவை ரொம்ப நேரம் எழுந்திருக்கல. அழுவேன்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு 'அடுத்த வளைவுல நெழல் இருக்கும்'னு உனக்கே சொல்லிட்டுக் கெளம்பின. எங்கிட்ட இப்படி ஒரு நாளும் பேசினதில்ல."

"உங்கிட்ட எதுக்கு நெழலைப் பத்திப் பேசணும்?"

"அதான்," என்றாள்.

அவள் நிபந்தனை: தினமும் சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போய் அவர் ரேடியோ செட்டில் என்னோடு பேசுவாள். உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பேசலாம், இங்கே அதற்குத் தடையில்லை. போச்சு, எனக்கிருந்த ஒரே சட்டப் பாதுகாப்பும். என் நிபந்தனை: முழங்காலைப் பற்றிக் கேட்கக் கூடாது.

"கேக்க மாட்டேன். நீயே சொல்லு."

சொல்ல மாட்டேன்.

மார்ச் 19

முகட்டுப் பாதை. சங்கத்து ஆட்கள் அடுத்த வாரம்தான் வருவார்கள். அதற்குள் அவர்கள் மிதிக்கப் போகிற மண்ணில் என் தடம் இருக்கும். கூடாரம் போட்டு, கம்பியை மரத்தில் ஏற்றி, குறித்த நேரத்துக்குக் கூப்பிட்டேன். இரைச்சலுக்கு நடுவே மகள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "ஓவர்" என்று சொல்ல மறந்து, மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்து, பிறகு சொன்னாள். சிரிப்பை அடக்கினேன். முழங்கால் வீக்கம். எழுதுவதோடு சரி.

மார்ச் 21

சாயங்காலம் மகளோடு பேசும்போது செயலாளர் குறுக்கே புகுந்தார். "மேடம், நாளைக்குப் பெரிய மழை. காலையில கீழ இறங்கிடுங்க. இது சங்கத்தோட முடிவு."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள்: "சார், இது எங்க நேரம். இந்தத் தடவை அம்மா சங்கத்து ஆளா நடக்கல. கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. ஓவர்."

செயலாளர் ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு என்னிடம், "மழை வரும்னுதான் ரேடியோ செய்தியிலயும் சொன்னான். ஏறறியா, நிக்கறியா, எறங்கறியா — எனக்குத் தெரியாதும்மா. நீதானே அங்க இருக்க. நாளைக்கு இதே நேரம் நான் இங்க இருப்பேன். ஓவர்."

"சரி" என்றேன். அவளிடம் நான் சரி சொல்லி எத்தனை காலம்?

மார்ச் 22

மழை. விடிந்ததிலிருந்து விடவில்லை. நடக்கவில்லை. கூடாரத்துக்குள் காலை நீட்டி, முழங்காலுக்கு ஈரத்துணி போட்டு, ரொட்டி தின்றுகொண்டிருக்கிறேன். அவளும் இறங்கச் சொல்லியிருந்தால் இந்நேரம் மேலே எங்கேயோ நனைந்துகொண்டு நடந்திருப்பேன்.