மெட்சன் பெயரில் ஒரு சம்மதம்

நம்பாசி ஆஸ்பத்திரி, வாசல் அறை
14 ஜனவரி 1996

அன்புள்ள அண்ணன் மெட்சனுக்கு,

தங்கை ஃபலேசி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலியும் உன் மனைவியும் நலமா? இரண்டில் எது உன்னை அதிகம் படுத்துகிறது என்று தனியாக எழுது. மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படி.

முதலில் நல்ல சேதி. என் மகள் தியாமிகே பிழைத்துவிட்டாள்.

புதன்கிழமை உச்சிவெயிலில் சோளக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்தபடி அப்படியே சரிந்துவிட்டாள். சைக்கிள் பின்சீட்டில் உட்காரவைத்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, நான் வாசல் காக்கும் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கபலாசா வயிற்றைத் தொட்டார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். கரு குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டதாம், உள்ளே எல்லாம் ரத்தமாம். உடனே கிழித்தாக வேண்டும் என்றார். ஆனால் சம்மதக் காகிதம் என்று ஒன்று இருக்கிறதே! அவள் புருஷன் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறான். இருந்திருந்தாலும் அவன் சொல்லை யார் கேட்கப்போகிறார்கள்? நம் ஊர் வழக்கப்படி தாய்மாமன் சொல் வேண்டும். ஆஸ்பத்திரிப் பையன் பைசெக்கியை சைக்கிளில் உன்னிடம் விரட்டினேன்.

"மாமன் சேதி வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். வரலை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். வரலை என்றேன். மூன்றாம் தடவை அவர் கேட்டபோது நான் அவள் உதட்டைப் பார்த்தேன். அடுப்புச் சாம்பல் நிறம்.

"வந்தாச்சு டாக்டர். சரின்னுட்டாரு" என்றேன். உன் பெயரை எழுதச் சொல்லி, சேதி கொண்டுவந்தவள் என்று பக்கத்தில் என் கட்டைவிரலை வைத்தேன். கையெழுத்துப் போட்டிருப்பேன், நான் ஃபலேசி என்று எழுதி முடிப்பதற்குள் பெண் போய்ச் சேர்ந்துவிடுவாளே என்று பயம்.

அவளைத் தைத்துக் கட்டிலில் போட்ட பிறகு பைசெக்கி மழையில் ஊறி வந்து நின்றான். "நான் வர்றவரைக்கும் அவளை யாரும் தொடக்கூடாது. இங்க ஒரு வழக்கு ஓடுது, முடிச்சுட்டு நாளைக்கு வர்றேன்" என்று நீ சொன்னதாகச் சொன்னான். தொட்டாச்சு, அண்ணே. மறுநாளும் நீ வரவில்லை. ஆற்றில் வெள்ளம் என்றார்கள்.

உன் பெயரைக் கேட்காமல் எடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். திட்டவேண்டுமென்றால் திட்டு. கஞ்சி குடிக்கிறாள் பெண்.

உன் தங்கை
ஃபலேசி

---

சிங்கோலே
19 ஜனவரி 1996

ஃபலேசிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் விளையாட்டுப் பேச்சுக்கு இது நேரமில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். சந்தையில் ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாமன்னா நீங்கதான்யா! வேற யாராவது கத்திக்குச் சரின்னு சொல்லுவாங்களா?" என்றார். நான் சொல்லாத சொல்லுக்கு எனக்குப் பாராட்டு. இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால், தங்கையைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாததால் பொய்யன் ஆனேன். கருவாடு வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினேன்.

மருமகள் பிழைத்ததற்கு நான் கடவுளைக் கும்பிட்டேன். அது வேறு, இது வேறு.

கூடப்பிறந்தவர்கள், அவர்கள் பெற்றவர்கள் என்று நம் குடும்பத்துப் பெண்கள் எல்லாருக்கும் சொல் சொல்லவேண்டிய மாமன் நான். அது நானாகக் கேட்டு வாங்கிய பதவி இல்லை. ஆனால் என் வாயில் இருக்கும் ஒரே சொல்லையும் நீ எடுத்துப் பயன்படுத்தினால் நான் எதற்கு? டாக்டரிடம் போய், அந்தச் சொல் என்னுடையது இல்லை என்று நீயே சொல். என் பெயரை அவர் அடிக்கவேண்டும். இம்மாதம் முடிவதற்குள் நீ செய்யாவிட்டால் நான் உங்கள் ஊர்த்தலைவரிடம் முறையிடுவேன்.

மெட்சன்

---

நம்பாசி
23 ஜனவரி 1996

வழக்குகளின் ராஜாவான என் அண்ணனுக்கு,

கும்பிடு. உன் கடிதத்தைத் தியாமிகேயிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று பிறகு அழுதாள். அதுவும் உன் கணக்கில்தான்.

நான் டாக்டரிடம் போய் அது பொய் என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? அன்றைக்கே என்னை இந்த வாசல் வேலையிலிருந்து எடுத்துவிடுவார். அவர் நல்லவர்தான், எடுத்தாகவேண்டும். பொய்ச்சேதி சொன்னவளை வாசலில் வைத்திருந்தால் நாளைக்கு எந்தக் குடும்பம் இங்கே நம்பி வரும்? நீ என் தவறைத் திருத்தவில்லை, அண்ணே. என் வாசலைக் கேட்கிறாய்.

இந்த வாசலைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? இரவும் பகலும் திறந்திருக்கிறது. ஊசி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுக்கிறார். எல்லாம் தயார். மாமன்மார்தான் தயாரில்லை. போன மாதம் ஒருத்திக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. அவள் ஆட்கள் எல்லோரும் இந்த வாசலில் உட்கார்ந்து மாமனுக்காகக் காத்திருந்தார்கள். டாக்டர் கெஞ்சினார். "மாமா வரட்டும், மாமா வரட்டும்" என்றார்கள். மறுநாள் மாமா வந்தார். கோட்டு போட்டிருந்தார், கையில் குடை. நான்தான் குடையை வாங்கி ஓரமாகச் சாத்தினேன். அவளை அதற்குள் பாயில் சுற்றி எடுத்துப்போயிருந்தார்கள்.

வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், யாரை உள்ளே இழுக்கவேண்டும், எந்தக் கிழவனைச் சீண்டிச் சரி சொல்லவைக்கவேண்டும் என்று. நேற்றுகூட ஒருவர் யோசித்துக்கொண்டே நின்றார். "மாமா, யோசிக்கிறதுக்கு உள்ள நல்ல பெஞ்சு இருக்கு, பிள்ளையை முதல்ல கொடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். இதற்கெல்லாம் படிப்பு வேண்டாம், வாய் வேண்டும். அது என்னிடம் நிறைய இருக்கிறது என்று நீயே சின்ன வயதிலிருந்து சொல்கிறாய்.

ஆகையால் போகமாட்டேன். உன் பெயர் காகிதத்தில் சுகமாகத் தூங்குகிறது. தூங்கவிடு.

ஃபலேசி

---

சிங்கோலே
2 பிப்ரவரி 1996

ஃபலேசிக்கு,

சொல் என்பது உனக்கு இவ்வளவு லேசா? அப்படியானால் படி.

பதினோரு வருஷத்துக்கு முன் நம் அக்கா மெரேனியாவுக்குப் பிள்ளைப்பேற்றில் ரத்தம் நிற்காமல் போனபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னது யார்? நான். எல்லாரும் வேண்டாம் என்றார்கள், மருத்துவச்சியே போதும் என்றார்கள். நான் சரி என்று சொன்னேன், மாட்டுவண்டி கட்டினேன். அப்போது அது சின்ன மருந்தகம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் போனபோது ஐந்தரை. பூட்டைப் பிடித்து ஆட்டினேன். அக்கா வண்டியிலேயே முடிந்தாள்.

அடக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். வீட்டில் நிம்மதியாகக் கிடந்தவளை வண்டியில் குலுக்கிச் சாகடித்தவன் என்றார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். குழிமேட்டில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "நீதான் கொன்னே, அண்ணே" என்று ஒருத்தி கத்தினாள். அந்த வாய் யாருடையது? இப்போது வாசலில் இருக்கும் அதே வாய்.

அன்றிலிருந்து நான் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை. வருகிறேன், பார்க்கிறேன், பொறுங்கள் என்றுதான் சொல்கிறேன். தியாமிகே கத்தியின் கீழே செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாமன் சரி சொன்னான், பெண் செத்தாள். காகிதத்தில் என் பெயர். நீ அழுதிருப்பாய், எல்லாரும் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டாவது முறையும் கொலைகாரன். அதை யோசித்தாயா? யோசித்திருக்கமாட்டாய்.

பதினேழாம் தேதி ஊர்த்தலைவர் முற்றத்தில் விசாரணை. டாக்டரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மெட்சன்

---

நம்பாசி
6 பிப்ரவரி 1996

அண்ணனுக்கு,

சொன்னேன். ஆமாம், அப்படித்தான் கத்தினேன். எனக்குக் கோபம் பூட்டின் மேல். பூட்டுக்குக் காது கிடையாது, உனக்கு இருந்தது.

அது தப்பு. பதினோரு வருஷமாக இதை உன்னிடம் சொல்லாமல் கேலி பேசியே ஓட்டிவிட்டேன். உன் முகம் அன்றைக்கு எப்படிப் போயிற்று என்று பார்த்தேன், அதனால்தான் சொல்ல வரவில்லை.

நீ என்னைத் தண்டிக்கவேண்டுமானால் வீட்டுக்கு வா. நம் குடும்பம் முழுக்கக் கூட்டுகிறேன். சின்னப்பிள்ளைகள் முன்னால்கூட மண்டியிட்டுக் கும்பிடுகிறேன். நல்ல சேவல் ஒன்று அடிக்கிறேன், அதன் கழுத்தையும் காலையும் நான் எடுத்துக்கொண்டு மற்றதை உனக்கு வைக்கிறேன். ஆனால் ஊர்த்தலைவர் முற்றத்துக்குப் போகாதே. அங்கே நீ சொல்லும் ஒரு வார்த்தையில் இந்த வாசல் போய்விடும்.

நான் உன்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. இதைக் கெஞ்சுகிறேன். எப்படிக் கெஞ்சுவது என்று தெரியாததால் இப்படி எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை
ஃபலேசி

---

நம்பாசி
25 பிப்ரவரி 1996

மெட்சனுக்கு,

கெஞ்சி எழுதியதற்கு நீ பதிலே போடவில்லை. நேரே முற்றத்துக்கு வந்து நின்றாய். கறுப்புக் கோட்டு. இஸ்திரி போட்டது உன் மனைவியா? பின்பக்கம் தீய்ந்திருந்தது.

"மெட்சன், இது உன் சொல்தானா?" என்று தலைவர் கேட்டார்.

"இல்லைங்க."

"அவ கேட்டனுப்புனாளா?"

"அனுப்புனா."

அந்த இடத்தில் நீ நிறுத்தியிருக்கலாம். மெட்சன் பாவம், தங்கை பொய்க்காரி என்று வழக்கு முடிந்திருக்கும். அதற்கு நீ என்ன பதில் அனுப்பினாய் என்று தலைவர் கேட்கக்கூட இல்லை. நீயாகவே சொன்னாய்: "நான் வர்றவரைக்கும் தொடக்கூடாதுன்னு சொல்லி அனுப்புனேன். என் சொல்லுக்குக் காத்திருந்தா பொண்ணு செத்திருக்கும். அதையும் எழுதிக்கங்க."

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "நீ வந்திருந்தா மண்ணு தள்ளத்தான் வந்திருப்பே!" முற்றமே சிரித்தது. எல்லாரும் சிரித்த இடத்தில் நான் சிரிக்காமல் இருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நீ திண்டாடி நின்றதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்துப் போய்விட்டாய். தீர்ப்பைக் கேட்கவில்லை. ஆகவே நானே எழுதவேண்டியிருக்கிறது.

நீ ஜெயித்தாய். வாசல் என்னிடமிருந்து போய்விட்டது. இப்போது பின்பக்கம் ரத்தத்துணி அலசுகிறேன். கை வெந்துபோகிறது. வாசலில் புதிதாக ஒரு தூங்குமூஞ்சியைப் போட்டிருக்கிறார்கள். வலியில் துடிக்கிறவளிடம் அவன் ஊர், பேர், திருச்சபை எல்லாம் விசாரிக்கிறான். அலசுகிற இடத்திலிருந்தே, "அடே, அவளைப் பெண்ணு பார்க்கவா வந்தே, உள்ள விடுடா!" என்று கத்தவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்குமா? உன் உண்மை எனக்குச் செய்தது இது. உன்னை மன்னிக்க எனக்கு மனம் இல்லை.

இன்னொன்றும் தீர்ப்பானது. மாமன்மாரைத் தேடி சைக்கிள் ஓடுவது இனி வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறார்கள். பெண்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒவ்வொரு மாமனும் வந்து, தன் குடும்பத்துப் பெண்கள் பெயருக்கு நேரே விரல் வைத்துவிட்டுப் போகவேண்டும். எந்த நேரம் என்ன வந்தாலும் டாக்டர் பார்க்கலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. விரல் இல்லாத பெயருக்கு மட்டும் பழையபடி ஆள் அனுப்பவேண்டும். ஞாயிறு ஆனால் கோட்டுகள் வரிசையில் நிற்கின்றன.

நம் பக்கத்தில் ஐந்து பெயர் எழுதியிருக்கிறார்கள். நான், தியாமிகே, என் சின்னவள் லோசித்தினா, மெரேனியாவின் இரண்டு பெண்கள். ஐந்துக்கும் நேரே வெறுமை. உன்னோடு எனக்கு இனிப் பேச்சில்லை. ஆனால் அதற்கு மட்டும் வா. நான் பின்பக்கம்தான் இருப்பேன், என் முகத்தில் நீ விழிக்கவேண்டாம்.

ஃபலேசி

---

சிங்கோலே
14 மார்ச் 1996

ஃபலேசிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். பின்பக்கம் நீ யாரையோ கிண்டலடித்துக்கொண்டிருந்தது கேட்டது. வந்து பார்க்கவில்லை. பார்க்க விருப்பமும் இல்லை.

மெரேனியாவின் பெண்கள் பெயருக்குத்தான் முதலில் வைத்தேன். விரலை எடுத்தபோது மை தீற்றிவிட்டது. டாக்டர் பரவாயில்லை என்றார். பிறகு தியாமிகே. பிறகு லோசித்தினா. நான் செத்தாலும் அந்த நான்கும் நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றார்.

உன் பெயருக்கு நேரே வைக்கவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சே, பெரியவரே" என்று டாக்டர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். விட்டுப்போகவில்லை என்றேன். "அவங்களுக்கு அவசரம்னு ஒண்ணு வந்தா?" என்று கேட்டார். அப்போது எனக்கு ஆள் அனுப்புங்கள், எந்த வழக்கு நடந்தாலும் எழுந்து வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றவர்களுக்கு என்னைக் கேட்கவேண்டாம். உன் ஒருத்தியைப் பற்றி மட்டும் அவர்கள் என்னை வந்து கேட்டே ஆகவேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே.

மெட்சன்