பன்னிரண்டாம் விதி

ஜூன் 3

கல்லூரியின் நடத்தை விதிகளைத் திருத்தும் குழு இன்று கூடிற்று. உணவுக்கூடத்தில் எவரும் பேசலாகாது என்னும் பன்னிரண்டாம் விதியை நீக்கக் கோரி மாணவர்கள் மனு அளித்திருக்கிறார்கள். முப்பத்தோராண்டுகளுக்கு முன் என் கையால் எழுதிய விதி. அன்னத்தின் முன் நாவடங்கி நன்றி நினைப்பதே மறை காட்டும் நெறி என்று முக்கால் மணி நேரம் வாதிட்டேன். பதிவாளர் சிரித்தார்: "நீங்க வீட்டுல அம்மாகூடப் பேசிக்கிட்டேதான ஐயா சாப்பிட்டிருப்பீங்க?"

உண்மை. என் மனையாள் இருந்தவரை அக்கூடத்தில் நான் ஒருவேளையும் உண்டதில்லை.

ஜூன் 4

வழிபாடு. வாசிப்பு. என்னைத் தேடி எவரும் வரவில்லை.

ஜூன் 9

மனையாள் மறைந்த இந்த எட்டு மாதங்களாகக் கூடத்தில்தான் உணவு. இன்று என் எதிரே முதலாண்டுப் பெண்ணொருத்தி அழுதபடியே உண்டாள். மேசையில் அறுவர், அறுவரும் தலை கவிழ்ந்திருந்தோம். வெளியே சென்று கேட்கலாம் என நான் எழுவதற்குள் போய்விட்டாள்.

ஜூன் 11

விடுதிக் காப்பாளரிடம் விசாரித்தேன்.

"அந்தப் பொண்ணா? படிப்பே வேணாம்னு நேத்து பெட்டியக் கட்டிருச்சுங்க. அப்பா தவறிட்டாராம். எல்லாம் முடிஞ்சு வந்து பத்து நாளாச்சாம், யார்கிட்டயும் சொல்லல."

"ஏன் சொல்லவில்லை?"

"யாராவது கேட்டாத்தானே ஐயா சொல்லும்."

எதிர்லதானே உக்காந்திருந்தேன். என்னம்மா ஆச்சுன்னு ஒரு வார்த்தை — விதியா வாயைப் பொத்துச்சு? விதி எழுதின கைதானே சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தது!

எட்டு மாதங்களாக அம்மேசையில் என்னையும் எவரும் கேட்டதில்லை.

ஜூன் 16

இறுதி வாக்கெடுப்பு. மூத்தவர் கடைசியில் உரைப்பது குழுவின் வழக்கம். என் முறை வந்தபோது நான்குக்கு நான்கு என நின்றது. எழுதிச் சென்ற ஒன்பது பக்க உரையை மடித்துப் பையில் வைத்தேன்.

"நீக்கிவிடுங்கள்."

பதிவாளர் திகைத்தார். "எதை ஐயா?"

"என்னுடையதை."

ஜூன் 18

அந்தப் பெண்ணுக்குக் கடிதம். மூன்று முறை கிழித்தேன். நான்காவதில் நான்கே வரிகள்; மேற்கோள் ஒன்றும் இல்லை. அஞ்சலில் சேர்த்தேன்.

ஜூலை 1

விதி நீங்கிய முதல் நாள். கடிதத்துக்குப் பதில் இல்லை.

கூடத்தின் இரைச்சல் வாசலிலேயே கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்களுக்கு எதிரே அமர்ந்தேன். சிரிப்பு நின்றது. தலைகள் தட்டுகளை நோக்கிக் கவிழ்ந்தன. ஆயிரம் செய்யுள்கள் நெஞ்சில் இருந்தும் தொடங்க ஒரு சொல் அகப்படவில்லை.

"உப்பு எங்கப்பா இருக்கு?" என்றேன் கடைசியில்.

ஒருவன் வாய் திறவாமல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினான்.

உணவில் உப்பு சரியாகவே இருந்தது. போட்டுக்கொண்டேன்.