இரண்டு ஆபத்துக்கும் ஒரே மணி

அனுப்புநர்:
இளநிலை உதவியாளர்,
பதிவுப் பிரிவு, இரண்டாம் தளம்,
ஒருங்கிணைந்த அலுவலக வளாகம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொதுப் பாதுகாப்பு மற்றும் அவசரகாலப் பயிற்சித் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: எங்கள் வளாகத்தில் நடந்த கத்தித் தாக்குதல் – அதன்பின் ஆபத்து மணிப் பெட்டிக்குப் பூட்டுப் போடப்பட்டது – ஊழியர் அனைவருக்கும் முறையான பயிற்சியும் அதற்கான பொருள்களும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: விசாரணைக் குழுவின் அறிக்கையில் மணியைப் பற்றிய பத்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். பதிவுப் பிரிவில் இருப்பதால், எழுதத் தெரியாமல் வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழக்கம் உண்டு. எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கண்காணிப்பாளர் வழியாக அனுப்பாமல் தங்களுக்கு நேரடியாக எழுதுவது முறையல்ல என்பதும் தெரியும். அவர் வழியாக அனுப்பியது அவர் மேசையைத் தாண்டவில்லை.

1. சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு வேலைநாள் காலை, ஒருவர் கத்தியுடன் எங்கள் வளாகத்துக்குள் நுழைந்து, தரைத்தள முற்றத்தில் வரிசையில் நின்றிருந்தவர்களைத் தாக்கினார். நான்கு பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். அவர் யார், அவருக்கு யார்மேல் என்ன கோபம் என்பதெல்லாம் நீதிமன்றம் பார்க்க வேண்டியவை. நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல, எங்களைப் பற்றி.

2. அந்த நேரத்தில் தரைத்தளத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், முற்றத்தில் நடப்பதைப் பார்த்து ஓடிவந்து, துடைக்கும் கம்பாலேயே கண்ணாடியை உடைத்து ஆபத்து மணியை அழுத்தினார். அவர் என் தாயார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்து, மகள் என்பதால் எழுதியிருக்கிறாள் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. மகள் என்பதாலும்தான் எழுதுகிறேன்.

3. எங்கள் வளாகத்தில் பயிற்சியே நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. தீ விபத்துக்கான ஒத்திகை ஒழுங்காக நடந்தது. மணி அடித்ததும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, வரிசையாகப் படியில் இறங்கி, முற்றத்தில் "கூடுமிடம்" என்று எழுதிய பச்சைப் பலகைக்குக் கீழே வந்து நிற்க வேண்டும். மிக வேகமாக இறங்கிய தளம் என்று இரண்டாம் தளத்துக்குக் கோப்பை கொடுத்தார்கள். இன்றும் அது கண்காணிப்பாளர் அறை அலமாரியின்மேல் இருக்கிறது. எங்கள் தளத்தை வழிநடத்தும் பொறுப்பு தட்டச்சு அக்காவுக்கு. ஆரஞ்சு நிறத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர்தான் முன்னால் போவார்.

துப்புரவுப் பணியாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் வாளிகளோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாங்க என்ன செய்யணும் சார் என்று என் தாயார்தான் கேட்டார். "உங்களுக்கு இவ்வளவெல்லாம் வேணாம்மா. ஆபத்துன்னு மனசுக்குப் பட்டா யோசிக்காம மணியை அடிச்சுடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று கண்காணிப்பாளர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

என் தாயார் யோசிக்காமல் அடித்தார். மற்றதைப் பார்த்துக்கொள்ள எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

4. மணி கேட்டதும் மேலே யாரும் பயப்படவில்லை, ஐயா. இன்னொரு ஒத்திகை என்றே நினைத்தோம். "இந்த வருஷமும் கப்பு நமக்குத்தான்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சு அக்கா தொப்பியை மாட்டிக்கொண்டே, "மாமனார் வீட்டு விருந்துக்குப் போற மாதிரி ஆடி அசைஞ்சு வராதீங்கப்பா, காலை எட்டிப் போடுங்க" என்று அதட்டியபடி முதலில் இறங்கினார். பெண்கள் சிலர் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார்கள். ஒத்திகை நீண்டால் கீழேயே சாப்பிட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு.

எல்லோரையும் முன்னால் விட்டு நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அது என் சுபாவம். அதற்காக அக்கா என்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அந்தச் சுபாவத்தால்தான் நான் படியில் எல்லோருக்கும் பின்னால் இருந்தேன். இந்த மனுவை எழுத உயிரோடு இருப்பதற்கும் அதுதான் காரணம்.

எங்கள் கட்டடத்தில் படி நேராக முற்றத்தில்தான் போய் முடிகிறது. பச்சைப் பலகையும் அங்கேதான். கத்தியோடு அவர் நின்றதும் அங்கேதான். மூன்று தளத்து ஆட்களும் எவ்வளவு வேகமாக இறங்கக் கற்றுக்கொண்டோமோ அவ்வளவு வேகமாக அங்கே போய்ச் சேர்ந்தோம். கீழே அலறல் கேட்டு முன்வரிசை திரும்ப முயன்றது. பின்னால் இருந்தவர்கள் நடப்பது தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டச்சு அக்கா மேலே பார்த்து, "வராதீங்க, யாரும் வராதீங்க" என்று கத்தினார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் திரும்பினோம். அவர் திரும்பி வரவில்லை.

5. மேலே ஓடிவந்த எங்களுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. எங்கள் அறைகள் எதிலும் உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. மாலையில் பூட்டுவதற்காக எல்லாத் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே தாழிடக்கூடிய ஒரே இடம் பெண்கள் கழிப்பறை. ஆண், பெண் பாராமல் அத்தனை பேரும் அதற்குள் போய் நின்றோம். கண்காணிப்பாளரும் அங்கேதான் நின்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன் செய்தோம். காவல்துறைக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

6. கையில் வெட்டுப்பட்ட கணக்காளர் அண்ணன் எங்களோடு இருந்தார். ஓடிவரும்போதே முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்திருந்தோம். அதில் தலைவலித் தைலமும், காய்ந்துபோன பிளாஸ்திரியும், யாரோ வைத்துவிட்டுப் போன சீப்பும் இருந்தன. என் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்த்தேன். "என்னம்மா, நின்னுடுச்சா?" என்று அவரும் ஒவ்வொரு தடவையும் கேட்டார். மருத்துவமனையில் செவிலியர் ஒருவர் என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, "இப்படி எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாதும்மா. வச்ச கையை எடுக்காம ஒரே அழுத்தா அழுத்தணும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். பட்டம் வாங்கியும் இந்த ஒரு வரி எனக்குத் தெரியாமல் போனதே என்றுதான் அன்று முழுவதும் நினைத்தேன்.

7. இதன்பின் எங்கள் அலுவலகம் எடுத்த நடவடிக்கைகள் இரண்டு. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆபத்து நேரத்தில் அறையை உள்பக்கம் பூட்டிக்கொள்ளவும் என்று அதில் இருக்கிறது. தாழ்ப்பாள் இன்றுவரை வெளிப்பக்கம்தான் இருக்கிறது. மற்றொன்று, மணிப் பெட்டிக்கு இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி இரண்டாம் தளத்தில் கண்காணிப்பாளரின் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் இழுப்பறையும் பூட்டியிருக்கும். நாளை உண்மையிலேயே தீப்பிடித்தால் அதைச் சொல்லவும் இப்போது வழியில்லை.

இந்தப் பூட்டுக்குக் காரணம் விசாரணை அறிக்கையில் இருக்கும் ஒரு வரி. "பயிற்சி பெறாத துப்புரவுப் பணியாளர் ஒருவர் பொறுப்பின்றி மணியை ஒலிக்கச் செய்ததால் உயிரிழப்பு அதிகரித்தது." இதில் "பயிற்சி பெறாத" என்பது உண்மை. ஏன் பெறவில்லை என்று அறிக்கை கேட்கவில்லை.

8. என் தாயாரை வேலையிலிருந்து நீக்கவில்லை. அதற்கு நன்றியோடு இருக்கிறோம். ஆனால் இப்போது அவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. "மணிக்காரம்மா வராங்க, எல்லாரும் கீழ ஓடுங்கடா" என்று ஒருநாள் வாகன நிறுத்தத்தில் ஓர் ஓட்டுநர் சொன்னார். நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த எனக்கு அந்த ஓட்டுநரை ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

வீட்டில் இப்போது குக்கர் வைப்பதில்லை. விசில் சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். அன்று ஏன் மணி அடித்தாய் என்று விசாரணையில் கேட்டதற்கு, "சொல்லிக் குடுத்தாங்க" என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் பெயரைச் சொன்னால் என் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். என்னிடம் மட்டும், "மேல நீ இருக்கியேன்னுதாண்டி அடிச்சேன். உன்னைக் கொல்ல நானே கூப்பிட்டுட்டேன்" என்றார்.

9. ஆகவே கீழ்க்காண்பவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்:

(அ) தீக்கு ஒரு மணி, இப்படிப்பட்ட தாக்குதலுக்கு வேறொரு அறிவிப்பு என்று பிரித்து வைக்க வேண்டும். எங்கே ஆபத்து, எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை ஒலிபெருக்கியில் மனிதக் குரலில் சொல்ல வேண்டும். மணிப் பெட்டியின் பூட்டை உடனே எடுக்க வேண்டும்.

(ஆ) அறைகளுக்கு உள்தாழ்ப்பாளும், முற்றத்தைத் தொடாமல் வெளியேற இன்னொரு படியும் வேண்டும். படிக்கு நாளாகும் என்றால், தாழ்ப்பாளையாவது முதலில் போட்டுத் தர வேண்டும்.

(இ) ரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணிகள் கொண்ட பெட்டி ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். அதைப் பயன்படுத்த, தெரிந்தவர்கள் வந்து கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாளைப் படித்து இது வராது.

(ஈ) துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஓட்டுநர், தேநீர் கொண்டுவருபவர் என்று அந்தக் கட்டடத்தில் கால் வைக்கும் எல்லோரும் பயிற்சியில் இருக்க வேண்டும். அன்று படியில் இறங்கிய பலர் மணி என்றாலே நடுங்குகிறார்கள். அதனால் பயிற்சி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்த வேண்டும். அவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு மருத்துவரையும் அனுப்பினால் உதவியாக இருக்கும்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. கேட்கலாமா என்று தெரியாமல் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

உன்மேல் தப்பில்லை என்று தினமும் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன். "நீ படிச்ச பொண்ணு, எனக்காகப் பேசற. படிச்சவங்க வேற யாராவது சொல்லட்டும், நம்பறேன்" என்கிறார். அறிக்கையில் அந்த வரியை மாற்றுவது தங்களால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. மாற்றினாலும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே பயிற்சி நடக்கும் நாளில் தாங்களோ, தங்கள் சார்பில் ஒருவரோ, அந்த முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நீங்க சரியா செஞ்சீங்கம்மா, சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மற்றவற்றுக்கு நிதியும் அனுமதியும் வர நாளாகும் என்று எனக்குத் தெரியும், ஐயா. இதற்கு ஒருவர் வந்தால் போதும்.

இடம்: என் வீடு
நாள்: மார்ச் 14

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மணி அடித்தவரின் மகள்